பாக்கு மென்றபின் மூண்ட போர்

ஹம்பலான் ஊர்ப் பெண்கள் இரண்டு வகைப்படுவார்கள். அறுவடையின்போது வயலில் பாடும் ஹுட்ஹுட் கதையில் முன்பாட்டு எடுப்பவள் ஒருத்தி. அவள் எடுத்துக் கொடுத்த அடியைப் பிடித்து இழுத்து முடிக்கிற பின்பாட்டுக்காரிகள் மிச்சமுள்ள அத்தனை பேரும். மலையைப் படிப்படியாக வெட்டி வயலாக்கிய காலத்திலிருந்து இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. இதில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. தொமாசாவுக்குத் தோன்றியது.

தொமாசா பிறந்தது அறுவடையின்போது என்று அவளுடைய அம்மா சொல்வாள். இல்லை, களையெடுப்பின்போது என்று அப்பா சொல்வார். எந்த வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட நேர்ந்தது என்பதில்தான் இருவருக்கும் தகராறே தவிர, மகளைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. புகார் பிற்பாடு, அவள் வாயைத் திறந்து பாடத் தொடங்கியதும் வந்தது. தகரக் கூரைமேல் சேவல் நடப்பது போன்ற குரல். ஆனால் கூட்டத்தோடு பாடும்போது எந்தக் குரலும் கரைந்துவிடும் என்பதால் ஊர் அவளைப் பின்பாட்டில் நிறுத்திவைத்து நிம்மதியாக இருந்தது.

உரிய காலத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கணவன் பின்கிஹான், கதிர்க்கட்டுகளைத் தண்டில் தொங்கவிட்டுத் தோளில் வைத்துக் குதிருக்குச் சுமப்பவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் அது பன்றிகளைப் பற்றி இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து ஒன்றொன்றாக பாகியோ நகரத்துப் பக்கம் வேலைக்குப் போயின. ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கைக் குறிப்பு இந்த இடத்தில் மரியாதையாக முடிந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்தாம் வயதில்தான் தொமாசாவுக்கு அபிப்பிராயங்கள் முற்றின.

அபிப்பிராயங்கள் எல்லாம் கதையின் வீரனைப் பற்றியவை. எந்த ஹுட்ஹுட்டை எடுத்தாலும் ஒரு பணக்கார வீட்டு இளைஞன் பகை ஊருக்குக் கிளம்புவான். அங்கே அவனுக்குச் சமமான இன்னொரு இளைஞன் இருப்பான். இருவரும் ஈட்டி எறிவார்கள்; எறிந்ததை எதிராளி அந்தரத்திலேயே பிடித்துத் திருப்பி எறிவான். வருஷக்கணக்கில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் சண்டை நடக்கும். கடைசியில் இருவரும் உட்கார்ந்து பாக்கு மென்று, இவன் தங்கையை அவனும் அவன் தங்கையை இவனும் கட்டிக்கொள்வார்கள். இதில் தொமாசாவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் வீரனுடைய தாயைப் பற்றி. ஊரின் முன்பாட்டுக்காரியான கிளாரிட்டா பாடும் கதையில் அந்தத் தாய்க்கு மொத்தம் இரண்டே வேலை: சோறு போடுவது, “பத்திரமாகப் போய் வா மகனே” என்பது. அதைப் பாடி முடிக்கக் கால் நாழிகைகூட ஆகாது. வீரன் தலை வாரிக்கொள்ள மட்டும் பாதி முற்பகல். தனக்கு உடன்பாடில்லாத அந்தத் தலைவாரலை இருபது வருஷத்துக்கு மேலாகத் தொமாசா தன் சொந்த வாயால் இழுத்து முடித்துக் கொடுத்துவந்தாள்.

அந்த வருஷம் கதிர் பழுக்கும் நேரத்தில் கணவனிடம் சொன்னாள்:

“இந்தத் தடவ நான் முன்பாட்டு எடுக்கப் போறேன்.”

பின்கிஹான் வள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். “யாருக்கு, பன்னிங்களுக்கா?”

“மொதல்ல அதுங்களுக்கு. அப்புறம் ஊருக்கு.”

சொன்னபடியே செய்தாள். பன்றிகள் முதலில் சரியாகத் தின்னவில்லை என்பது பின்கிஹானின் வாக்குமூலம். பிறகு பழகிக்கொண்டன. தொமாசா இதை நல்ல பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். ஆனால் பன்றிகளுக்கு எட்டாத ஒரு சிக்கல் இருந்தது. பின்பாட்டுக்காரிக்கு எல்லா அடிகளுக்கும் வால் தெரியும், தலை தெரியாது. முன்பாட்டுக்காரி தலையைக் காட்டியதும் வால் தானாக வந்துவிடும், அவ்வளவுதான் பழக்கம். தலைகளைத் தானே வரிசையாக எடுத்துத் தருவது வேறு வித்தை. எந்தத் தலைக்கு எந்த வால் என்று தொமாசா சமைக்கும்போதும் நத்தை பொறுக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

வாய்ப்பு ஒரு பல் வழியாக வந்தது. ஊரிலேயே பெரிய வயல்கள், எல்லோரும் மரியாதையாக ‘அப்பு’ என்று கூப்பிடும் புயுக்கானுக்குச் சொந்தம். அங்கே அறுவடை தொடங்குகிற காலையில் கிளாரிட்டா தாடையில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கடைவாய்ப் பல் வீங்கி முகம் பலாப்பழம் போல ஒருபக்கம் கனத்திருந்தது. கதிர் அறுக்கக் கை இருந்தது. முன்பாட்டு எடுக்க வாய் இல்லை.

“நான் எடுக்குறேன் அப்பு,” என்றாள் தொமாசா, யாரும் கேட்பதற்கு முன்பே.

புயுக்கான் அவளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்பதை விட அவருக்கு இது பெரிய கவலையாகத் தெரிந்தது.

“நம்ம வயலுக்கு ஒரு வழக்கம் இருக்கு, தெரியுமில்ல? ஒரு வயலுக்கு ஒரு கதை. கடைசிப் படி அறுத்து முடிக்கிற வரைக்கும் கதை நிக்கணும். அதுக்கு முன்ன முடிஞ்சாலும் ஆகாது, நடுவுல விட்டாலும் ஆகாது. குதிர்ல நெல்லு தங்காது.”

“நிக்கும் அப்பு.”

“நிக்கலைன்னா?”

“நிக்கலைன்னா இனிமே ஆயுசுக்கும் பின்னாலயே நிக்கிறேன். வாயே தொறக்க மாட்டேன்.”

கிளாரிட்டா வலியோடு வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். “எடுக்கட்டும் அப்பு. அவ ஆரம்பிக்கட்டும், மத்தியானத்துக்கு மேல நான் முடிச்சுத் தர்றேன். என் பல்லுக்கும் அதுக்குள்ள இரக்கம் வந்துரும்.”

பெண்கள் வரிசையாக வயலில் இறங்கினார்கள். தொமாசா நடுவில் நின்று, கைக்குள் அடங்கும் கத்தியால் முதல் கதிரைக் கொய்துகொண்டே முதல் தலையை எடுத்தாள். சேவல் தகரத்தில் நடந்தது. பின்பாட்டு வாலைப் பிடித்து இழுத்தது; கடைசி எழுத்து நீண்டு, வளைந்து, கீழே தண்டுகளோடு காத்திருந்த ஆண்களைத் தாண்டிப் போயிற்று. வீரன் விழித்தான். தலை வாரினான், ஆனால் இந்தமுறை சீப்பு இரண்டே முறைதான் ஏறி இறங்கியது. கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரன் கிளம்பினான், ஆறு தாண்டினான், பகை ஊரின் கல்முற்றத்தில் வந்து நின்றான். பகைவன் வீட்டு ஏணியில் இறங்கி வந்தான். எல்லாம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது.

விடிந்ததிலிருந்து பாக்கு போடாத வாய்க்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும் என்பது தொமாசாவின் தவறு அல்ல, இயற்கையின் தவறு. “ஈட்டியை எடுத்தான்” என்ற தலையை எடுக்க வேண்டிய இடத்தில் அவள் “இடுப்புப் பையை அவிழ்த்தான்” என்ற தலையை எடுத்துவிட்டாள்.

அது கதையின் கடைசியில் சமாதானம் பேசும்போது வரவேண்டிய தலை. தலையைப் பார்த்ததும் வால் வந்துவிட்டது. இடுப்புப் பையை அவிழ்த்தான், பாக்கை இரண்டாகப் பிளந்தான், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினான், பகைவனுக்கு ஒரு பாதி, தனக்கு ஒரு பாதி, இருவரும் மென்றார்கள், கல்முற்றம் சிவக்கத் துப்பினார்கள். அத்தனை பெண்களும் ஒரே குரலில் நிறுத்தி நிதானமாக இழுத்து முடித்த பிறகுதான் தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அவர்களுக்கே உறைத்தது. கத்திகள் நின்றன.

பாக்கு மென்ற இருவர் சண்டை போடக்கூடாது. இது ஹம்பலானில் சட்டம் அல்ல, சட்டத்தைவிடப் பெரியது. தொமாசாவின் தம்பிக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் வரப்புத் தகராறு முற்றி, அரிவாள் வரை போய், பிறகு ஒரு பாக்கில் முடிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தாம்பூலம் மாற்றியாயிற்று என்றால் மாற்றியாயிற்று. முன்பாட்டுக்காரி ஒருத்தி தனியாகப் பாடியிருந்தால் இருமிச் சமாளித்திருக்கலாம். பின்பாட்டு இழுத்து முடித்ததைச் சாமிகள் இறங்கி வந்தாலும் திரும்ப வாய்க்குள் போட முடியாது.

முதலில் பேசியவள் கிளாரிட்டா. வலி அவளுக்குப் பாதி குறைந்துவிட்டது போலிருந்தது.

“சமாதானம் ஆயிருச்சா? நல்லதாப் போச்சு. கல்யாணத்தையும் பண்ணி வெச்சிரு தொமாசா. மத்தியானச் சோத்துக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்.”

“ஈட்டிய வீட்லயே மறந்துட்டு வந்துட்டான் போல, பாவம்,” என்றாள் வரிசையின் கோடியிலிருந்த ஒரு கிழவி.

கீழேயிருந்து ஓர் ஆண் குரல்: “பின்கிஹான், உன் பொண்டாட்டி போரை நிப்பாட்டிட்டாப்பா. ஒரு மெடல் குடுக்கணும்.”

அறுத்தது முதல் படி மட்டும். மலை ஏறிக்கொண்டே போகிற மற்ற படிகள் பொன்னிறத்தில் தலை சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தன. புயுக்கான் வரப்பில் நின்று அவற்றைப் பார்த்தார், பிறகு தொமாசாவைப் பார்த்தார். தொமாசா வீரர்கள் இருவரையும் கல்முற்றத்தில் உட்காரவைத்து, மெல்லட்டும், நன்றாக மெல்லட்டும் என்று அதையே நாலைந்து விதமாகப் பாடிச் சாப்பாட்டு வேளைவரை தள்ளினாள். ஹுட்ஹுட்டின் வரலாற்றில் இரண்டு வீரர்கள் இவ்வளவு நேரம் மென்றதில்லை.

வெந்த பன்றிக்கறியும் அவரைக்காயும் சோறுமாகப் பரிமாறினார்கள். கிளாரிட்டா சாறு மட்டும் உறிஞ்சினாள். புயுக்கான் தொமாசாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

“சாப்பிட்டுட்டு நீ பின்னால போயிரும்மா. கிளாரிட்டா எதையாவது பண்ணி ஒப்பேத்துவா.”

“கதையக் கவுத்தது நான். நிமித்தாம விட மாட்டேன் அப்பு.”

“எப்பிடி நிமித்துவ? மென்னாச்சு, துப்பியாச்சு.”

“மென்னது ரெண்டு வாய்தான,” என்றாள் தொமாசா, கறித்துண்டை எலும்போடு கடித்துக்கொண்டே. “ரெண்டு ஊர்லயும் சேத்து எத்தன வாய் இருக்கு?”

புயுக்கானுக்குப் புரியவில்லை. கிளாரிட்டாவுக்கும் புரியவில்லை, ஆனால் சாறு உறிஞ்சுவதை நிறுத்தினாள். “அப்பு, இன்னொரு மணி நேரம் குடுங்க. அவ விழுறத எல்லாரும் பாக்கணும்,” என்றாள் தாராளமாக.

பிற்பகலில் இரண்டாம் படியில் இறங்கினார்கள். தொமாசா தொண்டையைச் செருமி ஒரு தலையை எடுத்தாள். கதையில் இதுவரை யாரும் எடுத்திராத தலை. வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்த வீரனின் தாய் உலக்கையைக் கீழே போட்டாள். ஆறு தாண்டி நடந்தாள். பகை ஊரின் முற்றத்தில் வந்து நின்று மகனைப் பார்த்துக் கேட்டாள்: யாரைக் கேட்டு மென்றாய்? நான் மெல்லவில்லையே.

பின்பாட்டு திகைத்தது. இதற்கு வால் யாரிடமும் இல்லை. தொமாசா திகைப்புக்கு இடம் கொடுக்காமல் அடுத்த தலையை எடுத்தாள், இந்தமுறை எல்லோருக்கும் தெரிந்த ஈட்டித் தலை. ஈட்டி இருந்த இடத்தில் மட்டும் வேறு பொருள்:

“எடுத்தாள் ஒரு சொல்லை, கூர் பார்த்தாள், தோளுக்குமேல் தூக்கினாள்…”

வால் தானாகப் பாய்ந்தது. வீசினாள், பாக்கு மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு பறந்தது, பகைவனின் தாய் ஏணியில் இறங்கி வந்து அதை ஒரு கையால் அந்தரத்தில் பிடித்தாள், பிடித்ததைத் திருப்பி எறிந்தாள். ஈட்டிக்கு இருந்த அத்தனை வாலும் சொல்லுக்கு அப்படியே பொருந்தியது, அதற்காகவே செய்துவைத்தது போல. பெண்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஈட்டி எறிந்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. சொல் எறியாதவர்களும் அவர்களில் யாரும் இல்லை. கத்திகள் பறந்தன.

இரண்டு தாய்மார் சண்டை போடுகிறார்கள் என்றால் ஒரு காரணம் வேண்டும். தொமாசா தேடிப் போகவில்லை. காரணம் அவள் தலைக்கு மேலேயே இருந்தது. அவளுடைய சிறு வயலுக்கு மேல்படி கிளாரிட்டாவுடையது. மேல்படியிலிருந்து மடைவழியாக இறங்கினால்தான் கீழே தண்ணீர். நாற்று நடும் காலத்தில் அந்த மடைவாயில் ஒரு கல் வந்து உட்கார்ந்துவிடும், அதன்மேல் புல் செத்தை. கேட்டால் கிளாரிட்டா சொல்லும் பதில் ஊருக்கே மனப்பாடம்: “நண்டு செஞ்ச வேலைடி.”

ஆகவே கதையில் பகைவனின் ஊர் ஆற்றின் மேல்பக்கம் அமைந்தது. வீரனின் தாய் எறிந்த அடுத்த சொல் தண்ணீரைப் பற்றியதாக இருந்தது. பகைவனின் தாய் பதில் சொன்னாள்: நண்டு.

பின்பாட்டு அந்த நண்டை மிகுந்த அன்போடு இழுத்தது. கிழவி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கதிர்மேல் உட்கார்ந்துவிட்டாள். கீழ்ப்படியில் ஆண்கள் தண்டுகளை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்கள். கிளாரிட்டா மட்டும் தாடைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாடாமல், தலை குனிந்து அறுத்தாள். தொமாசா விடவில்லை. கல் எவ்வளவு பெரியது என்று பாடினாள். அதைத் தூக்க எத்தனை நண்டு வேண்டும் என்று பாடினாள். அந்த நண்டுகளுக்குச் சாப்பாடு போட்டது யார் என்று கேட்க ஆரம்பித்தபோது கிளாரிட்டா துணியை அவிழ்த்து எறிந்தாள்.

பின்பாட்டில் நிற்பவள் தலை எடுக்கக்கூடாது. கிளாரிட்டா எடுத்தாள். வீங்கிய வாயிலிருந்தும் அந்தக் குரல் தேனாகத்தான் வந்தது. பகைவனின் தாய் நெஞ்சை நிமிர்த்தினாள்: மேலேறி வந்து என் வள்ளிக்கிழங்குப் பாத்தியைக் கிண்டிய பன்றி எந்த வீட்டுப் பன்றி? அதை அவிழ்த்துவிட்டது நண்டா? பின்பாட்டு இதையும் அதே அன்போடு இழுத்தது. பின்பாட்டுக்கு நியாயம் கிடையாது. வால் மட்டும்தான் உண்டு.

அன்று வேலை முடியும்வரை இருவரும் விடவில்லை. புயுக்கானின் வயலில் ஒரே நாளில் அவ்வளவு படி அறுத்ததே இல்லை. அவர் உற்சாகமாக எல்லோருக்கும் அரிசிக் கள் ஊற்றிக்கொடுத்து, “நல்லவேளை, கதை கிளாரிட்டா கைக்கு வந்துருச்சு,” என்றார். தொமாசா காதில் அது பல்வலியைப் போல விழுந்தது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது பின்கிஹான் வாயைத் திறந்தான். “அவளும் நல்லாத்தான் பதில் சொன்னா.”

“நீ யார் பக்கம்?”

“நான் பன்னி பக்கம். அத எதுக்குக் கதையில இழுத்தீங்க? அது பாட்டுக்குக் கெடந்துச்சு.”

மறுநாள் மலையுச்சிப் படிகள் மட்டும் மிச்சம். கதையை ஆரம்பித்தது யார் என்பது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை. முடிப்பவள் பெயர்தான் நிற்கும். இது தொமாசாவுக்குத் தெரியும். கிளாரிட்டாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவள் காலையிலிருந்தே காத்திருந்தாள். கடைசிப் படியில் பாதி அறுத்ததும், தொமாசா மூச்சு வாங்கிய இடைவெளியில், கல்யாணத் தலையை எடுத்தாள்: பகைவனின் தாய் தன் மகளைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்து வந்தாள். எதிர்த் தாயே, இவளை உன் மகனுக்கு எடுத்துக்கொள்.

இதன் வால் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். பெண்கள் வாயைத் திறந்துவிட்டார்கள். வால் முழுக்க வெளியே வந்தால் கள் ஜாடி திறக்கும், பன்றி விழும், கல்யாணம் முடியும், கதையும் முடியும். பாதிப் படி நெல் கதையில்லாமல் நிற்கும். கதை நிற்கவில்லை என்ற பழி தொமாசாவுக்கு, முடித்த பெருமை கிளாரிட்டாவுக்கு.

தொமாசா வாலுக்கு நடுவில் புகுந்தாள். இப்படிச் செய்வது அபசாரம். ஆனால் நேற்றே கிளாரிட்டா செய்த அபசாரத்துக்குப் பிறகு வயலில் அபசாரத்துக்கு ஒரு வழி திறந்திருந்தது. “எடுத்துக்கொள்கிறேன்,” என்று பாடினாள், தகரம் கிழியும் குரலில். “பெண்ணோடு என்ன தருகிறாய்? நகை வேண்டாம், ஜாடி வேண்டாம். மடையில் உள்ள கல்லை எடுத்துத் தா.”

பாதி வாயில் கல்யாணம் நின்றது. எல்லோரும் அறுத்துக்கொண்டே காதைக் கொடுத்தார்கள். கிளாரிட்டா நகை தருவதாகப் பாடினாள். தொமாசா கல் என்றாள். எருமை தருவதாகப் பாடினாள். கல் என்றாள். நண்டைக் கட்டிப் போடுவதாகப் பாடினாள், அதற்கும் கல். படி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கைப்பிடிக் கதிர் மட்டும் நின்றது. அதை அறுக்க யாரும் கத்தியை நீட்டவில்லை. புயுக்கான் வரப்பில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்துரு கிளாரிட்டா,” என்றார் மெதுவாக. “கல்லுதான.”

“உங்க வயலுக்கு மேல எவனும் இல்ல அப்பு, சொல்லுவீங்க,” என்றாள் கிளாரிட்டா.

சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தாள். அவளோடு வருஷக்கணக்கில் பாடிய பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்கிற பின்பாட்டைக் காயப்போட்டுவிட்டுப் போக முன்பாட்டுக்காரி எவளாலும் முடியாது. கிளாரிட்டா பெருமூச்சு விட்டுத் தலையை எடுத்தாள்: குனிந்தாள், பகைவனின் தாய், புல்லை விலக்கினாள்…

பின்பாட்டு கல்லைத் தூக்கியது. எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள். கடைசி எழுத்தை இழுத்த இழுப்பில் உண்மையிலேயே ஏதோ கனமானதை மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டது போலிருந்தது. தொமாசா கல்யாணத் தலையைத் தானே எடுத்து, பெண்ணை மகனுக்குக் கட்டிவைத்து, அந்தக் கைப்பிடிக் கதிரை அறுத்தாள். கடைசிக் கதிர்வரை கதை நின்றது.

கட்டுகளைக் கட்டும்போது கிளாரிட்டா பக்கத்தில் வந்தாள். “கதையில சொன்னது கதைக்குத்தான்டி.”

“நான் மட்டும் சொல்லலையேக்கா. இத்தன பேரு சேந்து இழுத்தோம்.”

கிளாரிட்டா தாடையைத் தடவிக்கொண்டாள். அடுத்து வியாழக்கிழமை அவளுடைய வயல். சொந்த வயலில் யாரும் முன்பாட்டு எடுக்க முடியாது. ஊருக்குச் சோறு பொங்க வேண்டும்.

“வியாழக்கெழம வர்றியா?” என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

“எங்க நிக்கணும்?”

“எங்க நிப்ப, நடுவுலதான். தண்ணி பேச்சு மட்டும் எடுக்காத.”

“அது உங்க மடையப் பொறுத்ததுக்கா,” என்றாள் தொமாசா.

வியாழக்கிழமை தொமாசா நடுவில் நின்றாள். முதல் தலை அடுப்படிவரை கேட்டது. கிளாரிட்டா கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கரண்டியோடு வயலில் இறங்கி, வரிசையின் கோடியில் நின்று வாலைப் பிடித்தாள். அடுப்பில் அவரைக்காய் அடிப்பிடித்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, கிளாரிட்டாவைத் தவிர.